சித்தப்பா குடித்த சாராயம்

எங்கள் சபையில் ஆண்டவருக்கு அடுத்தபடியாக எல்லாவற்றையும் முன்கூட்டியே அறிந்தவர் உபதேசியார்தான். யார் வீட்டு மாடு எப்போது கன்று போடும் என்பதில் தொடங்கி, யார் மோட்சத்துக்குப் போவார்கள், யார் நரகத்துக்குப் போவார்கள் என்பது வரை அவருக்குத் தெரியும். பெரும்பாலும் எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான், “இது எனக்கு அப்பவே தெரியும்” என்பார். நடப்பதற்கு முன்னாலேயே அவர் வாய்திறந்து சொன்ன விஷயம் ஒன்றே ஒன்றுதான். அது என் சித்தப்பாவைப் பற்றியது.

திண்டிவனத்திலிருந்து கிளியனூர் போகிற சாலையில், மிஷன்காரர்கள் வாங்கிப்போட்ட மேட்டு நிலத்தில் எங்கள் வீடுகள் இருந்தன. அதற்கு முன்னால் எங்கள் ஆட்கள் பெயரில் ஒரு சாண் மண்கூடக் கிடையாது. அப்பா மிஷன் தோட்டத்தில் ஏற்றம் இறைத்தார். அவருடைய கடைசித் தம்பியான சித்தப்பா விழுப்புரம் ஜங்ஷனில் எஞ்சின்களுக்குக் கரி ஏற்றினார். சனிக்கிழமை சாயங்காலம் பாசஞ்சர் வண்டியில் வந்திறங்கி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் திரும்பிப் போவார். அவரைப் பற்றிச் சபையில் இரண்டு குறைகள் சொன்னார்கள். ஒன்று, கள் குடிப்பார். இன்னொன்று, கேள்வி கேட்பார். உபதேசியார் முதல் குறையை மன்னித்தாலும் மன்னிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் இப்படிப் போயிற்று. நாம் தாயின் வயிற்றில் விழுவதற்கு முன்பே நம்முடைய முடிவு ஆண்டவருக்குத் தெரியும். இரட்சிக்கப்படுகிறவனையும் தெரியும், கெட்டுப்போகிறவனையும் தெரியும். உபதேசியார் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் சித்தப்பா எழுந்து நின்றார்.

“ஐயா, ஒரு சந்தேகங்க. ஒருத்தன் நரகத்துக்குத்தான் போவான்னு ஆண்டவருக்கு மொதல்லியே தெரியும்னா, அவன ஏன் மெனக்கெட்டுப் படைக்கணும்? படைக்காமியே உட்டுடலாமில்ல?”

பெண்கள் பக்கத்தில் முந்தானைகள் வாயை மூடின. உபதேசியார் பொறுமையாகத்தான் பதில் சொன்னார்.

“ஆண்டவர் அவனுக்கு சுயசித்தம் குடுத்துக்கீறாருப்பா. நல்லது கெட்டத அவனே தேடிக்கிறான்.”

“அவன் கெட்டதத்தான் தேடிக்குவான்னும் அவருக்குத் தெரியுமில்லீங்களா?”

“தெரியும்.”

“அப்போ தெரியாதது அவன் ஒருத்தனுக்குத்தானா?”

உபதேசியார் பாட்டுப் புத்தகத்தை மூடினார். “ஒனக்கும் தெரியற காலம் வரும்” என்றார். அதை அவர் ஆசீர்வாதம் சொல்கிற குரலில் சொல்லவில்லை என்பது எனக்கே விளங்கியது. அப்போது எனக்கு எட்டு வயதோ ஒன்பது வயதோ இருக்கும்.

அந்த வருஷம் சித்தப்பாவுக்குக் கல்யாணப் பேச்சு நடந்தது. மிஷன் தோட்டத்து மேஸ்திரிக்கு ஒரே மகள். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வேப்பங்குச்சியால் வகிடெடுத்து எனக்குத் தலை பின்னிவிடுவாள். மேஸ்திரிக்கு ரயில்வே மாப்பிள்ளை என்றால் இனித்தது. சித்தப்பாவுக்கோ அக்காவின் பெயரை யாராவது சொன்னாலே கையிலிருக்கிற கூழ்ச்சட்டி சாய்வதுகூடத் தெரியாது. இதை அம்மா அப்பாவிடம் சொல்லிச் சிரித்ததை நான் கேட்டிருக்கிறேன்.

உபதேசியார் மட்டும் தடை சொன்னார். குடிகாரனுக்குச் சபையில் ஓலை வாசிக்க முடியாது என்றார். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை பெண் பெயரை ஆராதனையில் வாசித்து, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்பதுதான் ஓலை. மூப்பர்கள் கூடிப் பேசினார்கள். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது தபசு நாட்கள் முடிகிறவரை சித்தப்பா ஒரு சொட்டுகூடத் தொடக்கூடாது. தாங்கிவிட்டால் ஈஸ்டர் அன்று ஓலை வாசிப்பது என்று முடிவாயிற்று. சித்தப்பா உடனே சரி என்றார்.

“தாங்கமாட்டான்” என்றார் உபதேசியார். “ஆண்டவர் எனக்குக் காட்டிட்டாரு. எழுந்த மாதிரி எழுந்து வுழுவான்.”

விழுப்புரத்தில் ஆண்டவர் பார்த்துக்கொள்வார், ஊரில் சித்தப்பாவைக் கண்காணிப்பது யார் என்ற கேள்வி வந்தது. உபதேசியார் விரல் என் பக்கம் நீண்டது.

“இது சித்தப்பன் வாலப் புடிச்சிக்கினே சுத்தற புள்ள. புள்ளைங்க பொய் சொல்லாது. இது பாக்கட்டும்.”

கூட்டம் கலைந்ததும் என்னைத் தனியே அழைத்துத் தலையில் கைவைத்தார். “கையப் பாக்காத மகளே, ஏமாத்திடுவான். தொண்டையப் பாரு. ஏறி எறங்குச்சின்னா ஓடியாந்து சொல்லு. எப்படியும் எறங்கும். எனக்குத் தெரியும்.”

“தெரியும்னா நான் எதுக்குங்க ஐயா?”

“சாட்சி வாணாமா?”

அன்றைக்குத்தான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. தெரிந்தவருக்கு எதற்குச் சாட்சி? ஒன்று வந்த பிறகு மற்றவை தாமாகவே வந்தன. ஆண்டவருக்கு எல்லாம் முன்பே தெரியும் என்றால், நான் நாளைக்குப் பொய் சொல்லப்போவதும் இன்றைக்கே தெரியும். அப்படியானால் என்னைப் பார்த்து அவர் இப்போதே கோபமாக இருப்பாரா? செய்யாத குற்றத்துக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது என்ன நியாயம்? சாலை இரண்டாகப் பிரிகிற இடத்தில் நின்று, அவரை ஏமாற்றப் பார்த்தேன். சோற்றாங்கைப் பக்கம் போகிறவள்போல நடந்து, சட்டென்று பீச்சாங்கைப் பக்கம் ஓடினேன். கொஞ்ச தூரம் ஓடிய பிறகு, நான் திரும்புவேன் என்பதும் தெரிந்திருக்குமே என்று தோன்றிற்று. உடனே திரும்பி வந்தேன். அதுவும் தெரிந்திருக்குமே. கடைசியில் சாலை நடுவில் உட்கார்ந்துவிட்டேன். விக்கிரவாண்டிச் சந்தைக்குப் போய் வந்த வண்டிக்காரர் ஒருவர் இறங்கி, “யார் ஊட்டுப் பொண்ணுமே நீ, பேய் புடிச்சிக்கிச்சா?” என்று ஓரமாகத் தூக்கி வைத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமைகளில் ஸ்டேஷன் கேட்டுக்கு வெளியே காத்திருந்து சித்தப்பாவைப் பின்தொடர்வேன். பக்கத்தில் நடக்கமாட்டேன், சாட்சி பக்கத்தில் நடக்கக்கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன். வழியில் பனந்தோப்பும் கள்ளுக்கடையும் வரும். முதல் சனிக்கிழமை அவர் அங்கே நின்றார். கடைக்குள்ளிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். நின்றவர் அப்படியே பின்னால் திரும்பி என்னைப் பார்த்தார்.

“நீ பாத்துக்கினு கீறதால நான் உள்ள போகலியா, இல்ல நான் போகமாட்டேன்னு தெரிஞ்சுதான் நீ பாத்துக்கினு கீறியா?”

“எனக்குத் தெரியாது சித்தப்பா. தொண்டையப் பாக்கச் சொன்னாரு, பாக்கறேன்.”

அவர் சாலையிலேயே நின்று உரக்கச் சிரித்தார். பிறகு தலையை அண்ணாந்து, எனக்கு நன்றாகத் தெரியும்படி தொண்டையைக் காட்டிக்கொண்டே நடந்தார். தபசு நாட்கள் முழுவதும் அப்படித்தான். கள்ளுக்கடை வந்தால் அண்ணாந்துகொள்வார். ஒருநாள் கல் தடுக்கி விழுந்து முழங்காலைக்கூடச் சிராய்த்துக்கொண்டார். அவர் குடிக்கவில்லை என்று ஒவ்வொரு ஞாயிறும் நான் போய்ச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் உபதேசியார் முகத்தில் ஓர் ஏமாற்றம் தெரிந்தது. ஓர் ஆத்மா கெட்டுப்போகாததற்கு இவர் எதற்கு வாடுகிறார் என்று நான் அவரையும் சந்தேகிக்கத் தொடங்கினேன்.

அந்தச் சமயத்தில் மிஸ்ஸியம்மா ஜட்காவில் வந்து மேஸ்திரி வீட்டில் இறங்கினார். வெள்ளைக்காரத் துரைசானியான அவர்தான் பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொண்டவர். அக்காவை நர்ஸ் படிப்புக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டார். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று மேஸ்திரி கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். ஜட்கா போன பிறகு அக்கா வெகுநேரம் முறத்தில் ஒன்றுமில்லாமல் புடைத்துக்கொண்டிருந்ததை வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு, சித்தப்பா தோட்டத்துக் கிணற்றடியில் அவளோடு பேசிக்கொண்டிருந்தார். சாட்சி என்ற முறையில் நான் வாழைமரத்துக்குப் பின்னால் இருந்தேன்.

“நான் வாணாம்னு சொன்னா எங்கப்பா கேக்கமாட்டாரு” என்றாள் அக்கா. “நீங்க வாணாம்னு சொல்லிடுங்க.”

“நான் சொன்னா, பொண்ணுக்கு இன்னா கொறையோன்னு ஊரே உன்னப் பாக்கும். அது ஒனக்கு நல்லதா?”

அவள் காலி வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினாள்.

“என்னியப் புடிக்கலியா?” சித்தப்பா குரல் தணிந்துவிட்டது.

“புடிக்கலன்னு யார் சொன்னாங்க? எனக்குப் படிக்கணும். அவ்ளோதான்.”

சித்தப்பா கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு நின்றார். இருவரும் சேர்ந்து ஏதோ சூழ்ச்சி செய்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. யாருக்கு எதிராக என்றுதான் தெரியவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம். சித்தப்பா வந்து பையை ஆணியில் மாட்டிவிட்டு அப்பாவோடு வெளியே போயிருந்தார். கடலை பிடுங்கப் போன அம்மா மல்லாட்டைக் கொல்லையிலிருந்து திரும்பவில்லை. நான் கேப்பைக் குதிருக்குப் பின்னால் பாயில் படுத்திருந்தேன். அக்கா உள்ளே வந்தாள். இப்படியும் அப்படியும் பார்த்தாள். மடியிலிருந்து துணி சுற்றிய ஒரு புட்டியை எடுத்து, சித்தப்பாவின் பைக்குள் வைத்தாள். அவசரத்தில் புட்டி சுவரில் இடித்து ஒரு சத்தம் வந்தது. அப்படியே உறைந்து நின்றாள். பிறகு போய்விட்டாள்.

எழுந்து போய் மோந்து பார்த்தேன். புதுச்சேரி எல்லையிலிருந்து வண்டிக்காரர்கள் வைக்கோலுக்குள் ஒளித்துக்கொண்டு வருகிற சாராயம். அந்த வாசனை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாததல்ல.

சோதனைக்காரனாகிய சாத்தான் அழகான உருவம் எடுத்து வருவான் என்று உபதேசியார் சொல்லியிருந்தார். வகிடெடுத்துத் தலை பின்னிவிடுவான் என்று சொல்லவில்லை. ஓடிப்போய் உபதேசியார் வீட்டு வாசலில் நின்றேன். அவர் மறுநாள் ஆராதனைக்கு அங்கியை மடித்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, ஆதியில சாத்தான் தோட்டத்துக்குள்ள வருவான்னு ஆண்டவருக்குத் தெரியுமா?”

“தெரியாமயா?”

“தெரிஞ்சா வேலிப் படல ஏன் சாத்தி வெக்கல?”

அவர் என் காதைப் பிடித்துத் திருகினார். “சித்தப்பன் வித்து. போ ஊட்டுக்கு.”

வேறு எதையும் நான் சொல்லவில்லை. சொல்லவேண்டியவரிடம் கேட்டாகிவிட்டது, அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் சித்தப்பா குளித்து, வெள்ளைச் சட்டை எடுக்கப் பையைத் திறந்தார். நான் தட்டியின் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டிருந்தேன். புட்டி கைக்கு வந்தது. அவர் புட்டியை விட்டுவிட்டு, அதைச் சுற்றியிருந்த துணியைத்தான் முதலில் பார்த்தார். நீலப் பூப்போட்ட தாவணிக் கிழிசல். அந்தத் தாவணி யாருடையது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். துணியை விரலால் நீவியபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். கோயில் மணி அடித்தது. சட்டையைப் போட்டு, துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, புட்டியோடு கொல்லைப்பக்கம் போனார். நானும் போனேன்.

கள்ளிவேலிக்கு அருகில் நின்று புட்டியைத் திறந்தார். மோந்தபோது கண்கள் தாமாக மூடிக்கொண்டன. இதோ, இதோ என்று நான் தொண்டையையே பார்த்தேன். அவர் ஒரு வாய் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பினார். இன்னொரு வாய், அதையும் துப்பினார். பிறகு வெளுத்து மடித்த சட்டையின் மார்பில் ஊற்றிக்கொண்டார். மிச்சத்தை மண்ணில் கவிழ்த்துவிட்டுப் புட்டியை வேலிக்குள் எறிந்தார். தொண்டை இறங்கவேயில்லை. தபசு முழுவதும் அதைப் பார்த்துப் பழகிய எனக்கு அதில் தப்பு வராது.

கோயிலுக்குள் அவருக்கு முன்னால் அவருடைய வாசனை நுழைந்தது. பாடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். உபதேசியார் ஓலைக் காகிதத்தைக் கையில் வைத்திருந்தார். அவர் முகத்தில் வருத்தம் வருவதற்கு முன்னால் வேறொன்று வந்துபோனது. போட்ட கணக்கு சரியென்று தெரிந்த பையனின் முகம் அது.

“சபையாரே, நான் சொன்னேனா இல்லியா?”

“சொன்னீங்க ஐயா” என்றார் சித்தப்பா, லேசாகத் தள்ளாடிக்கொண்டே. “ஒங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு.”

என்னை யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். சாட்சி நான்தானே. யாரும் என் பக்கம் திரும்பவில்லை. நானே எழுந்து கத்தினேன்.

“இல்ல! சித்தப்பா குடிக்கல! நான் பாத்தேன், தொண்ட எறங்கல! சட்டையில ஊத்திக்கினாரு!”

கோயில் முழுக்கச் சிரிப்பு. உபதேசியாரே சிரித்துவிட்டார். எனக்கு அழுகை முட்டியது. “நெசமாத்தான்! புட்டிய வெச்சது அந்த...”

“ஐயா!” சித்தப்பாவின் குரல் அந்தச் சின்னக் கோயிலில் இடிபோல விழுந்தது. தள்ளாட்டம் நின்றுபோயிருந்தது, அதை ஒருவரும் கவனிக்கவில்லை. “புள்ள பொய் சொல்லுது. எம்மேல பாசம். குடிச்சது நான்தான். என் சொந்த இஷ்டத்துலதான் குடிச்சேன்.”

அம்மா என்னை இழுத்து உட்காரவைத்துத் தொடையில் கிள்ளினாள். மேஸ்திரி எழுந்து மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “நல்ல வேள. ஓல வாசிக்கறதுக்குள்ள தெரிஞ்சிது. எம் பொண்ணு தப்பிச்சிது” என்றார். பெண்கள் வரிசையில் அக்கா முக்காட்டுக்குள் குனிந்து பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். கடைசிவரை அவள் நிமிரவில்லை.

சித்தப்பாவைச் சபையிலிருந்து விலக்கினார்கள். இனி நற்கருணை கிடையாது. வந்தால் ஞானஸ்நானம் பெறாதவர்களோடு வாசலுக்கு வெளியே உட்காரவேண்டும். எனக்குத் தண்டனை எதுவும் இல்லை, பிள்ளைகள் பொய் சொல்வது சகஜம் என்று விட்டுவிட்டார்கள். அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. பொய்யர்களுக்கு எரிகிற அக்கினியில்தான் பங்கு என்று கேட்டிருக்கிறேன். நான் சொன்னது உண்மை. கோயிலுக்குள் நின்று பொய் சொன்னவர் சித்தப்பா. இப்போது எங்கள் இருவரில் யார் நரகத்துக்குப் போவது? ஆண்டவர் நான் பார்த்ததைப் பார்த்தாரா, உபதேசியார் பார்த்ததைப் பார்த்தாரா? தெரிந்திருந்தும் அவர் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? ராத்திரி ஜெபத்தில் கண்ணை மூடாமல் கூரையையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு பல சனிக்கிழமைகள் சித்தப்பா வரவில்லை. மிஸ்ஸியம்மாதான் மறுபடி ஜட்காவில் வந்தார். ஓலை நின்றுபோன பெண்ணை இனி யார் கேட்டு வருவார்கள் என்று மேஸ்திரி ஒருநாள் முழுக்க யோசித்துவிட்டுச் சரி என்றார். அக்கா தகரப்பெட்டியோடு புறப்பட்டாள். எங்கள் வீட்டு முன்னால் ஜட்காவை நிறுத்தி என்னைக் கூப்பிட்டாள்.

“சித்தப்பா வந்தாருன்னா...” என்று தொடங்கியவள், “ஒன்னுமில்ல, போ” என்றாள். என் கன்னத்தைத் தொட வந்தாள். நான் பின்னால் நகர்ந்துகொண்டேன். சோதனைக்காரனிடம் யாராவது கன்னத்தைக் காட்டுவார்களா? வண்டி திரும்பும்போது மிஸ்ஸியம்மா ஏதோ சொல்ல, அவள் சிரித்தாள். அவ்வளவு பல் தெரிய அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறு காலையில் சித்தப்பா வந்தார். எல்லோரும் கோயிலில் இருந்தார்கள். வயிற்றுவலி என்று நான் வீட்டில் இருந்தேன். அவர் கிணற்றில் குளித்து, தலை துவட்டி, வேறு வேட்டி கட்டிக்கொண்டு துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். என்னைப் பொய்க்காரி ஆக்கியவர்மீது கோபம் தீரவில்லை.

“சித்தப்பா, நரகத்துக்குப் போவ ஒனக்குப் பயமா இல்லியா?”

“நான்தான் போறேன்னு யார் சொன்னா?”

“உபதேசியார்.”

“அவருக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்” என்றார். அப்புறம் தோட்டத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு, “அந்தப் பொண்ணு கெளம்பிடுச்சா?” என்று கேட்டார்.

“போயிடுச்சி. நர்ஸ் படிக்க.”

“அழுதுச்சா?”

“இல்ல. சிரிச்சிக்கினே போச்சி.”

“நல்லா சிரிச்சிதா?”

“பல்லு தெரியச் சிரிச்சிது.”

சித்தப்பா தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, வாளியை இறக்கித் தண்ணீர் சேந்தினார். குனிந்து முகம் கழுவினார். மறுபடியும் சேந்தி மறுபடியும் கழுவினார். அப்போதுதான் குளித்து முடித்த மனுஷன் எதற்கு இப்படி முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. கண்கள் வேறு சிவந்திருந்தன.

அந்தச் சபையில் அவர் குடிக்கவில்லை என்று நம்பியவள் நான் ஒருத்திதான். அன்றைக்கு நானும் அவரைச் சந்தேகப்பட்டேன். எங்கேயோ குடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று முடிவுகட்டி, பேசாமல் வீட்டுக்குள் போய்விட்டேன்.